மகன் மல்யுத்தத்தில் சேர்ந்த குளிர்காலம்: எங்களுக்கு யாரும் சொல்லித் தராதவை

2024 நவம்பரில், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளி மல்யுத்த அணியில் சேர்ந்தான். நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், லீஹை பள்ளத்தாக்கு என்று சொல்லும் பகுதி. அந்தக் குளிர்காலம் முழுக்க எடை, தோல், காது, மருத்துவமனை பில் என்று ஒன்று போனால் ஒன்று வந்தது. கணவருக்கு வாரத்தில் பாதி நாள் வேறு மாநிலத்தில் வேலை. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் டென்னிஸ் ஆடுகிறார்கள், நீச்சலுக்குப் போகிறார்கள். மல்யுத்தம் ஒரு வீட்டிலும் இல்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் நடுராத்திரியில் போனில் தேடிப் படித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். முன்கூட்டியே யாராவது பக்கத்தில் உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது. அந்த நாலு விஷயத்தை எழுதி வைக்கத்தான் இது.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலன்டவுன், பெத்லஹேம், ஈஸ்டன் என்று வரிசையாக இருக்கும் இந்த ஊர்கள் எஃகு ஆலையையும் சிமெண்ட் ஆலையையும் நம்பி வளர்ந்தவை. பெத்லஹேம் எஃகு ஆலையின் உலைகள் 1995-இல் அணைந்துவிட்டன. ஆனால் மல்யுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய பாபி வீவர் ஈஸ்டன் பள்ளியில் மல்யுத்தம் பழகியவர். ஈஸ்டனுக்கு எதிர்க்கரையில், டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சியின் பிலிப்ஸ்பர்க். பாலத்தில் நடந்தே போய்விடலாம், மாநிலம் மாறிவிடும். இந்த இரண்டு பள்ளிகளின் கால்பந்துப் போட்டி 1906-இலிருந்து நடக்கிறது. மல்யுத்தத்திலும் அதே வீம்பு. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இப்படி ஒரு பக்கத்து ஊர்ப் பகை உண்டு. எங்கள் பள்ளிக்கும் இருக்கிறது. பள்ளிகளின் பெயர் வேண்டாம். காரில் கால் மணி நேரம்கூட ஆகாத தூரம். தாத்தா ஒருகாலத்தில் இந்தப் பள்ளிக்காக இறங்கியிருப்பார், அப்பாவும் இறங்கியிருப்பார், இப்போது பேரன் இறங்குகிறான். ஜனவரிக் கடைசியில் நடக்கும் அந்த ஒரு இரவுக்காக ஊரே காத்திருக்கும்.

அந்த ஒரு இரவுதான் பிள்ளைகளை எல்லாவற்றையும் மறைக்கவைக்கிறது. பசியை மறைப்பார்கள், தோலில் வந்த புண்ணை மறைப்பார்கள், வலியை மறைப்பார்கள். கோழைத்தனத்தால் இல்லை, தைரியத்தால் மறைப்பார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் ஆனது.

போட்டி எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது புரியாது, அதனால் சுருக்கமாக. பென்சில்வேனியாவில் ஆண்களுக்கு 107 பவுண்டில் தொடங்கி 285 வரை 13 எடைப் பிரிவுகள். இரண்டு பள்ளிகள் மோதினால் (அதற்கு டூயல் என்று பெயர்) ஒவ்வொரு பிரிவிலும் ஆளுக்கு ஒருவர் இறங்குவார்கள். இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று. எதிராளியைக் கீழே சாய்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்தால் டேக்டவுன், அந்த சீசனிலிருந்து அதற்கு மூன்று புள்ளி. பிடியிலிருந்து தப்பினால் ஒன்று. தோள்பட்டை இரண்டையும் மேட்டில், அதாவது தரையில் விரித்த மெத்தையில், அழுத்திவிட்டால் அதற்குப் பெயர் 'பின்', அங்கேயே ஆட்டம் முடிந்தது. அணிக்குக் கிடைக்கும் கணக்கு வேறு. பின் செய்தால் அணிக்கு ஆறு. புள்ளி வித்தியாசம் பதினைந்தைத் தொட்டால் ஐந்து, எட்டிலிருந்து பதினான்கு வரை நான்கு, அதற்குக் கீழே மூன்று. ஆக, தோற்கப்போவது உறுதி என்றாலும் எப்படித் தோற்கிறோம் என்பதில் அணியின் தலையெழுத்து மாறும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் தொடங்கும் முன் மருத்துவப் பரிசோதனைப் படிவம், அப்புறம் எடைச் சான்று. இந்த எடைச் சான்றைப் பெற்றோர் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலில் சிறுநீரைச் சோதித்து உடம்பில் தண்ணீர்ச் சத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் அடர்த்தி எண் 1.025-ஐத் தாண்டினால் அன்றைக்கு எடை பார்க்க மாட்டார்கள். பிறகு கொழுப்பு அளவு. பையன்களுக்கு 7 சதவீதத்துக்கும் பெண்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகும் எடைக்கு அனுமதி கிடையாது. என் மகன் அன்று 136 பவுண்டு, கொழுப்பு 12 சதவீதம். கணக்குப் போட்டு, 128.7-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பிள்ளையுடன் பேசும்போது "அம்மா சொல்கிறேன்" என்பதைவிட அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஷூவுக்கு 85 டாலர், காதை மூடும் ஹெட்கியருக்கு 35. பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு அதை மூடும் பல்லுறை கட்டாயம். சிங்லெட் உடையைப் பள்ளியே கொடுத்தது. செலவு இவ்வளவுதான் என்று அப்போது நினைத்தோம்.

டிசம்பரில் எடைப் பிரச்சினை ஆரம்பித்தது. எங்கள் அணியில் 139 பவுண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அசைக்க முடியாத இடத்தில் இருந்தான். 133 காலியாக இருந்தது. மகனுக்கு அங்கே இடம் பிடிக்க வேண்டும். ஆனால் பதினைந்து வயதுப் பையன், மாதத்துக்கு மாதம் வளர்கிறான். டிசம்பர் நடுவில் சாதாரணமாகச் சாப்பிட்டால் 140-ஐத் தொட்டான். தாளில் குறித்த குறைந்தபட்ச எடைக்கு மேலேதான் 133 இருக்கிறது என்பதால் விதிப்படி அதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் நான் பார்த்தது வேறு. காலையில் இட்லியைத் தொட மாட்டான். மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டேன் என்பான், டிபன் டப்பா பையில் அப்படியே இருக்கும். ராத்திரி நிலவறையில் இரண்டு ஸ்வெட்டர் மேலே ஒன்றாகப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டுவான். குளியலறையில் எடை மெஷின் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். வாயில் ஐஸ் துண்டை வைத்து உறிஞ்சிவிட்டுத் தண்ணீரைத் துப்புவதைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

அந்த ராத்திரிதான் 1997-ஐப் பற்றிப் படித்தேன். அந்த வருடம் நவம்பர், டிசம்பரில் மட்டும் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடையைக் குறைப்பதற்காக வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து செத்துப்போயிருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் சிறுநீர்ச் சோதனையும் குறைந்தபட்ச எடையும் அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தவை. ரப்பர் உடை, நீராவி அறை, சிறுநீர் போக்கும் மாத்திரை எல்லாம் பள்ளி மல்யுத்தத்தில் தடை. ஆனால் எந்த விதியும் நம் வீட்டு நிலவறைக்குள் வந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

மகனிடம் பேச எனக்குக் கைகொடுத்தது வினேஷ் போகாட்தான். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. 50 கிலோ இறுதிப் போட்டி அன்று காலை நூறு கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டாரே, அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும்தான் அழுதோம். ராத்திரி முழுக்க ஓடி, வியர்வை சிந்தி, முடியை வெட்டியும் அந்த நூறு கிராம் குறையவில்லை. "உலகத்திலேயே பெரிய மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் கூட இருந்தும் அவர் உடம்பு அதற்கு மேல் தரவில்லை கண்ணா. உனக்கு யார் கூட இருக்கிறார்கள்? நிலவறையில் நீ ஒருத்தன்தானே" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "டீமுக்கு ஆள் வேணும்மா" என்றான். அவன் கவலை அதுதான். அந்த இடத்தை நிரப்ப யாரும் இல்லையென்றால் எதிரணிக்குச் சும்மாவே ஆறு புள்ளி போகும்.

விளையாட்டுக்கான உணவு நிபுணர் ஒருவரைப் பார்த்தோம், இன்சூரன்ஸ் இல்லாமல் 150 டாலர். அந்த மொத்தக் குளிர்காலத்தில் மனதார நான் கொடுத்த பணம் அது ஒன்றுதான். வளரும் பிள்ளை எடையைக் குறைத்தால் முதலில் போவது தண்ணீரும் தசையும், கொழுப்பு இல்லை என்று அவனுக்கே புரியும்படி சொன்னார். இரண்டு பள்ளிகள் மோதும்போது எடை பார்ப்பது ஆட்டத்துக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் முன்புதான், அதற்குள் இழந்த தண்ணீர் உடம்பில் சேராது என்றும் சொன்னார். மறுநாள் பயிற்சியாளரிடம் நேரில் பேசினேன். கோபமாகப் போகவில்லை. "என் பிள்ளை வீட்டில் இப்படி இருக்கிறான், உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் பயிற்சியாளரிடம் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி. அவரே 145-க்கு ஏறிவிடச் சொன்னார். 140 பவுண்டுப் பையன் 145-இல் நின்றால் எதிரில் நிற்பவன் பெரியவனாகத்தான் இருப்பான். இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிற்பான். நீங்களும் இதைத் தள்ளிப்போடாமல் டிசம்பரிலேயே பேசிவிடுங்கள். அந்தப் பகை ஊர்ப் போட்டி நெருங்க நெருங்க யாரும் எதையும் மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. சனிக்கிழமைப் போட்டிகளுக்கு விடியும் முன் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அங்கே கிடைப்பது பீட்சாவும் ஹாட்டாக்கும்தான். எடை பார்த்து முடித்த பிறகு கொடுக்க எலுமிச்சை சாதம், வாழைப்பழம், அவித்த முட்டை, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் என்று எடுத்துப் போனேன். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட எலுமிச்சை சாதம் மாதிரி ஒன்று இல்லை. ஜனவரிக்குள் அணியில் பாதிப் பேர் என் டப்பாவைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எடை அடங்கியது என்று மூச்சுவிட்டபோது தோல் வந்தது. முழங்கைக்கு மேலே ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பு. பொங்கல் சமயம் இருக்கும். மகன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை. துணி துவைக்கும்போது தற்செயலாகப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. டூயல் முடியிற வரைக்கும்தான்" என்றான். பகை ஊர்ப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு அவசர சிகிச்சை மையத்துக்கு அன்றைக்கே கூட்டிப்போனேன். 75 டாலர். பார்த்த உடனே எக்ஸிமா என்று சொல்லி ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். மல்யுத்த வீரன் என்று நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை. தடவினால் சிவப்பு மங்கியது, அரிப்பு அடங்கியது, ஆனால் விளிம்பு மட்டும் மெதுவாக விரிந்துகொண்டே போனது. அது படர்தாமரை. பூஞ்சைத் தொற்றின் மேல் ஸ்டீராய்டு தடவினால் பார்வைக்குச் சுகமானது போலத் தெரியும், உள்ளே நன்றாகப் பரவும். தோல் மருத்துவரிடம் போனபோதுதான் சுரண்டிப் பார்த்துச் சொன்னார். எங்கள் இன்சூரன்ஸ் ஏற்கும் மருத்துவர்களிடம் மார்ச் வரை இடம் இல்லை. வெளியே ஒருவரிடம் 260 டாலர் கொடுத்துப் பார்த்தோம்.

இந்தியாவிலிருந்து வரும்போது கலவைக் களிம்பு ட்யூப்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. மருந்துக்கு மசியாத படர்தாமரை இந்தியாவில் இப்படிப் பெருகியதற்கு இந்த ட்யூப்களும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். மல்யுத்தம் செய்யும் பிள்ளைக்கு அதைத் தயவுசெய்து தடவாதீர்கள்.

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தோலைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் மேட்டில் கால் வைக்க முடியாது. உடம்பில் வந்த படர்தாமரைக்கு மருந்து ஆரம்பித்து 72 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தலையில் வந்தால் 14 நாள். கொப்புளமாக வரும் ஹெர்பிஸ் என்றால் இன்னும் கண்டிப்பு. அதில் தப்பே இல்லை. 2007-இல் மினசோட்டா மாநிலத்தில் ஹெர்பிஸ் பரவி, மாநிலம் முழுக்கப் பள்ளி மல்யுத்தத்தையே எட்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். ஒரு பிள்ளை சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்தால் அவனோடு கட்டிப்புரளும் அத்தனை பிள்ளைகளுக்கும் போகும். இதை மகனிடம் சொன்னபோது, எடை விஷயத்தில் மாதிரி வாதாடவில்லை. "அப்ப நானே கோச்கிட்ட சொல்றேன்" என்று போனான். பகை ஊர்ப் போட்டிக்கு முந்தைய இரண்டு ஆட்டங்களை இழந்தான். அந்த இரண்டு நாளும் கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் அணிக்காகத் தொண்டை கட்டக் கத்தினான்.

பயிற்சி முடிந்த உடனே, வீட்டுக்கு வரும் முன்பே சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். உடையையும் முழங்கால் பட்டையையும் தினமும் துவைக்க வேண்டும். மல்யுத்த ஷூவோடு கழிவறைக்குப் போகக் கூடாது. ஈரத்துணியோடு பையை மூடி காரில் விடக் கூடாது. துண்டு யாருடையதையும் வாங்கக் கூடாது. சந்தேகமாக எதைப் பார்த்தாலும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது படிவத்தைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கையெழுத்துக்காக இன்னொரு முறை போக வேண்டும், அதற்கும் பில் வரும்.

அந்த இரவு வந்தது. நான் பார்த்த எந்தத் திருவிழாக் கூட்டத்துக்கும் குறைவில்லை. கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு மேட்டுக்கு நேர் மேலே ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார்கள். என் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு காதும் மடிந்து கட்டி தட்டிப்போயிருந்தன. எதிர் ஊர்க்காரர். அந்தப் பக்கம் இடம் இல்லாமல் இங்கே வந்திருக்கிறார். தானும் இதே போட்டியில் இறங்கியவர் என்றும், அன்று தன்னைத் தோற்கடித்தவர் பிற்பாடு ஆலையில் பக்கத்து மெஷினில் முப்பது வருடம் கூட வேலை பார்த்தார் என்றும் சொன்னார். எங்கள் ஊர் என்று தெரிந்தும் என் மகன் எந்த எடை என்று கேட்டுத் தன் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார்.

எங்கள் 107 பவுண்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு, அந்த வருடம்தான் தொடங்கியவன். எதிரில் ஹெர்ஷி நகரில் நடக்கும் மாநிலப் போட்டியில் முந்தின வருடம் பதக்கம் வாங்கியவன். ஒரு நிமிடத்துக்குள் பின் ஆகிவிட்டது. அவ்வளவு பேர் பார்க்க எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு, வழக்கப்படி எதிரணிப் பயிற்சியாளரிடமும் போய்க் கை கொடுத்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். எதற்கு என்று கேட்டேன். "யாரோடு மோதப்போகிறோம் என்று ஒரு வாரமாக அவனுக்குத் தெரியும். இருந்தும் வந்தான் பாருங்கள்" என்றார்.

மகன் முறை வந்தபோது பயிற்சியாளர் அவன் காதில் ஏதோ சொன்னார். பிறகு கேட்டேன். "ஜெயிக்க வேண்டாம், முதுகு மட்டும் படாமல் வா" என்றாராம். எதிராளி பன்னிரண்டாம் வகுப்பு, தோள் அகலம் இவனைப் போல ஒன்றரை மடங்கு. முதல் சுற்றிலேயே காலை வாரிச் சாய்த்தான். மூன்று புள்ளி. கழுத்துக்கு அடியில் கை கொடுத்துப் புரட்டினான். மகன் உச்சந்தலையை மேட்டில் ஊன்றி, கழுத்தாலேயே உடம்பைத் தூக்கி வில்லாக வளைத்து நின்றான். நடுவர் மேட்டோடு மேட்டாகப் படுத்துத் தோளுக்கும் மேட்டுக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உள்ளங்கை நுழையும் இடைவெளிதான் இருந்திருக்கும். சுற்று முடியும் வரை அந்த இடைவெளியை அவன் விடவில்லை. அப்படிப் புரட்டி வைத்திருந்ததற்கு எதிராளிக்கு நாலு புள்ளி, ஏழுக்குப் பூஜ்யம். இரண்டாவது சுற்றில் எதிராளி தப்பி எட்டாக்கினான். எட்டு வித்தியாசத்தில் முடிந்தால் அவர்கள் அணிக்கு நாலு. கடைசிச் சுற்றில் மகன் கீழே இருந்து ஆரம்பித்தான். மூன்று முறை எழப் பார்த்தும் எதிராளி இழுத்துப்போட்டான். நாலாவது முறை மகன் தன் இடுப்பைச் சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு திரும்பி நின்றான். ஒரு புள்ளி. எட்டுக்கு ஒன்று. மிச்சமிருந்த நேரம் முழுக்க மறுபடி சாய விடாமல் தாக்குப்பிடித்தான். அவர்களுக்குக் கிடைத்தது மூன்றுதான். எங்கள் பக்கம் அத்தனை பேரும் எழுந்து கத்தினார்கள். எண்பலகையை மட்டும் பார்ப்பவருக்கு அவன் தோற்ற பையன்.

போட்டியை 33-க்கு 30 என்று எதிர் ஊர்தான் வென்றது. எங்கள் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து அழுதார்கள். ஊரில் இருக்கும் என் அம்மா, "எதுக்குடி புள்ளையை அடி வாங்க அனுப்புற?" என்று நவம்பரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டு, "கடைசி வரைக்கும் கீழ விழலையே என் பேரன்" என்றார். அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மகனுடைய இடது காதின் மேல்பகுதி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. ஆட்டத்தில் ஹெட்கியர் நகர்ந்திருக்கிறது. காதின் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் நடுவே ரத்தம் கோத்துக்கொண்டால் சில நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் இறுகி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் காது மாதிரி நிரந்தரமாகிவிடும். பிள்ளைகள் அதைப் பதக்கம் மாதிரி நினைக்கிறார்கள், நண்பர்கள் எல்லாம் அதற்குப் பாராட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவைத் தவிர எங்கும் எடுக்க ஆள் இல்லை. ஊசியால் ரத்தத்தை எடுத்து, மறுபடி கோத்துக்கொள்ளாமல் அழுத்தித் தைத்து அனுப்பினார்கள். பில் 2,140 டாலர். முழுக்க எங்கள் கையிலிருந்துதான் போனது. ஏனென்றால் எங்கள் இன்சூரன்ஸில் நாமே முதலில் கட்ட வேண்டிய தொகை ஜனவரி முதல் தேதி புதிதாக ஆரம்பிக்கும். மல்யுத்த சீசனின் மோசமான அடிகள் எல்லாம் ஜனவரி, பிப்ரவரியில்தான் வரும். பல பள்ளிகள் விளையாட்டு வீரர்களுக்கென்று துணைக் காப்பீடு ஒன்று வைத்திருக்கும், நம் இன்சூரன்ஸ் போக மிச்சத்தை அதில் கேட்கலாம். அதற்கு அடிபட்ட சில நாட்களுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியவந்தபோது கெடு முடிந்திருந்தது. பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்டதற்கு இணையதளத்தில் இருக்கிறதே என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நவம்பரிலேயே, "துணைக் காப்பீடு உண்டா, படிவம் எங்கே, கெடு எத்தனை நாள்" என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். எல்லாம் சேர்ந்து எங்களுக்கு அந்தக் குளிர்காலம் மூவாயிரம் டாலரை நெருங்கியது.

தலையில் அடி பட்டால் காத்திருக்கவே வேண்டாம். பென்சில்வேனியாவில் 2012-இலிருந்து சட்டமே இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், தகுதியுள்ள மருத்துவர் எழுதித் தரும் வரை திரும்ப இறங்கக் கூடாது. தலைவலி, வெளிச்சம் கூசுவது, தூக்கம் மாறுவது இதெல்லாம் வீட்டில்தான் தெரியும். பிள்ளை தானாகச் சொல்ல மாட்டான், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மகன் இந்த வருடமும் மல்யுத்தத்தில் இறங்குகிறான். எடைச் சான்று நாளில் நானும் கூடப் போனேன். அவன் நேராக 152-க்கு எழுதச் சொன்னான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அடுத்த வருடம் தானும் சேரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பென்சில்வேனியாவில் பெண்களுக்குத் தனி மாநிலப் போட்டி 2024-இல்தான் தொடங்கியது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் 2019-இலேயே வந்துவிட்டது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, பள்ளியில் பெண்களுக்குத் தனி அணி இருக்கிறதா, பயிற்சிக்கு அதே எடையில் இன்னொரு பெண் இருக்கிறாளா, உடை மாற்றவும் எடை பார்க்கவும் தனி இடம் இருக்கிறதா என்பதைத்தான். எங்கள் பள்ளியில் இப்போதைக்கு ஆறு பெண்கள் இருக்கிறார்கள். மகளோடு சேர்த்தால் ஏழு.